ஆலங்கண்டத்தின் ஐந்தாவது வாசல்

போன கிழமை என் பழைய நில அளவைக் கந்தோரிலிருந்து மூன்று பிள்ளைகள் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். ஓய்வு பெற்ற படவரைஞரை ஆட்கள் தேடி வருவதென்றால் இரண்டு காரணம்தான் இருக்கும். ஒன்று கலியாணக் கார்ட் தருவது, மற்றது எப்போதோ செய்த வேலைக்குப் பதில் சொல்ல வைப்பது. இவர்கள் கார்ட் கொண்டுவரவில்லை. ட்ரோன் எடுத்த படம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள்.

படத்தில் இருந்தது ஆலங்கண்டம். கொக்கட்டிச்சோலைப் பக்கம், வாவியோரத்தில் இருக்கிற சின்னக் குடியேற்றம். மேலிருந்து பார்க்க ஊர் நல்ல சதுரம். நடுவில் இரண்டு பெரிய தெருக்கள் சிலுவை போலக் குறுக்கே போகின்றன. மற்றத் தெருக்கள் எல்லாம் கொப்பிக் கோடு மாதிரி நேராக ஓடுகின்றன. கிழக்குப் பக்கத்தில் மட்டும், வாவியை நோக்கி, ஒரு மூக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது.

"மிஸ், இது அளவைப் பிழையா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். "புதுசா வாவிக்கரை ரோட்டு ஒண்டு போடப் போறம். மூக்க வெட்டி நேராக்கினா வடிவா இருக்கும்."

என் வேலையில் பிழை என்று சொல்லிவிட்டு, என் வீட்டுக் கேக்கில் இரண்டாவது துண்டை எடுத்தாள் பாருங்கள், அந்தத் துணிவை நான் மெச்சினேன். ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்குக் கதை ஒழுங்காக வராது. அதனால் எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். இதை அந்த மூன்று பேரும் முழுவதும் வாசிக்க வேண்டும். படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது போல விரலை வைத்துத் தள்ளிக்கொண்டு போகக்கூடாது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது படம் கீறுவதற்கு மெழுகுத் துணி, இந்தியன் மை, கீறல் பேனை. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மை கொட்டினேன், ஏச்சு வாங்கினேன், பிறகு கொட்டாமல் ஏச்சு வாங்கினேன். பெண் பிள்ளை என்பதால் கந்தோருக்குள்ளேயே வைத்திருந்தார்கள். வெளிக்களத்துக்கு என்னை முதன்முதலாகக் கூட்டிக்கொண்டு போனவர் ஞானமுத்து சேர். அதற்காகவே அவருக்கு நான் கடமைப்பட்டவள். மற்றபடி அந்த மனிதர் என் தலையில் வெளுக்க வைத்த மயிர் கொஞ்சமில்லை.

ஞானமுத்து சேர் கல்குடாக்காரர். நெடிய மனிதர், நடக்கும்போதும் நேர்க்கோட்டில்தான் நடப்பார். வழியில் குழி கிடந்தால் சுற்றிப் போக மாட்டார், தாண்டுவார். அவரை ஒருமுறை இத்தாலிக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். படம் வரையும் புது முறைகளைப் படித்துவிட்டு வரட்டும் என்று அனுப்பினால், மனிதர் பழைய ரோமரைப் படித்துவிட்டு வந்தார். வேறு ஆட்கள் வெளிநாடு போனால் சொக்லேட் கொண்டுவருவார்கள். இவர் கொண்டுவந்தது ஒரு தடித்த புத்தகமும், அன்றிலிருந்து எங்களுக்கு ஓயாத தலையிடியும்.

"மிஸ் றெஜினா, ரோமர் ஒரு ஊரை எப்பிடித் தொடங்குவாங்கள் தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டுதான் காலையில் கந்தோருக்குள் வருவார். தெரியாது என்றால் சொல்லித் தருவார். தெரியும் என்றால் சரியாகத் தெரியுமா என்று பார்க்க மறுபடி சொல்லித் தருவார். இரண்டும் ஒரே நீளம்.

அந்தக் காலத்தில்தான் சண்டையால் இடம்பெயர்ந்து போயிருந்த சனம் திரும்பி வந்தது. ஆலங்கண்டத்தில் புது ஊர் அமைத்துக் குடியேற்ற வேண்டும் என்று எங்களுக்கு உத்தரவு வந்தது. வெறும் பற்றைக்காடு. ஒரு பக்கம் வயல் வட்டை, மறு பக்கம் வாவி. உத்தரவைப் படித்த ஞானமுத்து சேரின் முகத்தை நான் பார்த்தேன். கலியாணப் பேச்சு சரிவந்த மாப்பிள்ளைக்குக்கூட அப்படி முகம் மலராது.

"ரோமர் இளைப்பாறின போர்வீரருக்கு இப்பிடித்தான் வெறும் நிலத்தில ஊர் அமைச்சுக் குடுத்தவங்கள், மிஸ். சதுரமா. நேரா. ஆளுக்கு ஒரு துண்டு, சீட்டுக் குலுக்கி."

"சேர், அந்தப் புத்தகத்த நானும் வாசிச்சன்," என்றேன். "ரோமாபுரியே கோணல்மாணலான ஊர்தானே? பிறகு கட்டின ஊர்கள்தானே நேர்?"

"அது அவங்கள் அனுபவப்பட முதல்," என்றார் சேர், கண் சிமிட்டாமல்.

ஜீப்பில் கோணம் பார்க்கிற நல்ல தியோடலைற் கருவி இருந்தது. ஆனால் சேர் தச்சனிடம் சொல்லி ரோமருடைய அளவைத் தடி ஒன்று செய்வித்தார். ஆள் உயரத் தடி, அதன் தலையில் சிலுவை போல இரண்டு சட்டம், நாலு முனையிலும் நூலில் தூக்குக் குண்டு. எதிரெதிரே தொங்குகிற இரண்டு நூலைச் சேர்த்துப் பார்த்தால் நேர்க்கோடு கிடைக்கும், மற்ற இரண்டையும் பார்த்தால் செங்கோணம். கெட்டிக்காரத்தனமான சாமான்தான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் கச்சான் காற்று அடிக்கிற மாதம் அது. நாலு குண்டும் ஊஞ்சலாடின. சேர் தடியைப் பிடித்துக்கொண்டு காற்று நிற்கும்வரை நிற்பார், நாங்கள் எல்லோரும் சேரைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அவர் தேத்தண்ணி குடிக்கப் போனதும் நான் தியோடலைற்றை வைத்துச் சரிபார்ப்பேன். அவர் அதற்கென்றே தேத்தண்ணியை மெதுவாகக் குடிப்பார் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அந்தத் தூக்குக் குண்டுகளால்தான் பூமணி எங்களுக்கு அறிமுகமானாள். குண்டுகள் அவளுடைய வலையின் ஈயங்கள். யாரோ அவளிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார்கள். ஒரு நாள் காலையில் சேறு காயாத காலோடு வந்து நின்றாள்.

"சேர், உங்கட விளையாட்டு முடிஞ்சா என்ட ஈயத்தத் தாறீங்களா? வல மிதக்குது."

பூமணிக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். புருஷன் இல்லை, பிள்ளைகள் இரண்டு. ஊர்ச் சனத்தில் முதலாவதாகத் திரும்பி வந்தவள் அவள்தான். உத்தரவு வருவதற்கு முதலே வந்து, வாவிக்கரையில், சேற்றில் வளருகிற கண்ணா மரங்கள் கொஞ்சம் விலகி நிற்கிற இடத்தில் குடிசை போட்டுக்கொண்டாள். அந்த இடத்தில் மட்டும்தான் தோணி கரைக்கு வரும். மற்ற இடமெல்லாம் கண்ணாக்காடும் இடுப்பளவு சேறும். அவளுடைய தோணி, வலை, குடிசை, உதவிக்காரர் கொடுத்த ஒரு வெள்ளைப் பசு, அதன் இளங்கன்று எல்லாம் அந்த ஒரு இடத்தில்தான் இருந்தன. நண்டும் இறாலும் பிடித்துத்தான் அடுப்பு எரிந்தது.

கரைச்சல் என்னவென்றால், சேரின் சதுரம் அவளுடைய குடிசைக்கு இந்தப் பக்கத்திலேயே முடிந்துவிட்டது. குடிசை கோட்டுக்கு வெளியே. கோட்டுக்கு வெளியே என்றால் ஒதுக்கு நிலம், ஒருவரும் குடியிருக்கக் கூடாது, வேலி போடப்படும். சீட்டுக் குலுக்கலில் பூமணிக்கு விழுந்த துண்டோ மேற்கு மூலையில், வட்டைக்குப் பக்கத்தில். அங்கிருந்து வாவியைப் பார்ப்பதென்றால் மரத்தில்தான் ஏறவேண்டும்.

அவள் சேரிடம் வந்து கேட்டாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"சேர், கோட்ட இந்தப் பக்கம் கொஞ்சம் வளைச்சா என்ன? ஆரும் செத்துப்போக மாட்டாங்க."

"பூமணி, ஒரு ஆளுக்காகக் கோடு வளைஞ்சா நாளைக்கு எல்லாருக்கும் வளையும். பிறகு அது கோடு இல்ல, கயிறு."

"வட்டையில இரிந்து நான் என்னத்தப் பிடிக்கிற? தவளையா?"

"கிழக்கு வாசலால வாவிக்குப் போகலாம்."

"கிழக்கு வாசலுக்கு முன்னால சேறு. தோணியத் தலையில வச்சிக்கிட்டுப் போகவா சேர்?"

சேர் அளவைத் தடியைத் துடைக்கத் தொடங்கினார். பூமணி என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். எனக்குச் சேரின் மேல் அன்று வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. படத்தில் ஒரு பேனை நுனி தூரம், அவளுக்கு அது வயிறு.

ஊர் தொடக்க நாள் வந்தது. சாதாரணமாக இந்த நாளில் ரிப்பன் வெட்டி, பேச்சுப் பேசி, சோடா குடித்துவிட்டுப் போவோம். ஞானமுத்து சேர் ரோமர் முறைப்படிதான் செய்வது என்று ஒரே பிடி. புத்தகத்தில் இருக்கிறபடி, முதலில் பறவை பார்க்க வேண்டும். பிறகு ஊர் நடுவில் குழி வெட்டி, குடியேற வந்தவர்கள் எல்லோரும் தங்கள் பழைய ஊர் மண்ணில் ஒரு பிடி போட வேண்டும். பிறகு வெள்ளைக் காளையும் வெள்ளைப் பசுவும் பூட்டி, வெண்கலக் கொழு வைத்த கலப்பையால் ஊரைச் சுற்றி ஒரு சால் உழ வேண்டும். காளை வெளிப்பக்கம், பசு உட்பக்கம். அந்தச் சால்தான் மதில். வாசல் வரும் நாலு இடங்களில் மட்டும் கலப்பையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். உழுத இடம் புனிதம், ஒருவரும் கடக்கக்கூடாது. தூக்கிய இடத்தால்தான் மனிதர் போகலாம், வரலாம்.

உழவுக்குத் தம்பிராசாவைப் பிடித்தோம். அந்த ஊரில் மரக்கலப்பை வைத்திருந்த ஒரே ஆள், மெஷின் வாங்க வசதியில்லாததால். காளையும் அவருடையதுதான். பசுவையும் பூட்டவேண்டும் என்று கேட்டதும் மனிதர் வெற்றிலையைத் துப்பிவிட்டார்.

"பசுவ நுகத்துல பூட்டுறதா? பாவம் கிடைக்கும் சேர். உங்கட ரோமர் எல்லாம் சோறு திண்ட ஆக்கள்தானா?"

"ரொட்டி," என்றார் சேர்.

"அதுதான்," என்றார் தம்பிராசா.

வெண்கலக் கொழுவுக்கு அடுத்த பாடு. தம்பிராசாவின் மனைவியிடம் வெண்கலத்தில் ஒரு பழைய வெற்றிலை வட்டா இருந்தது. அதை உருக்கலாமா என்று சேர் கேட்டார். அந்த அம்மா வட்டாவை மடியில் வைத்துக்கொண்டு மூன்று நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. கடைசியில் இரும்புக் கொழுவில் பித்தளைக் கம்பியைச் சுற்றிச் சமாளித்தோம்.

வெள்ளைப் பசு என்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருந்தது ஒன்றே ஒன்று, பூமணியுடையது. சேர் என்னை அனுப்பிக் கேட்கச் சொன்னார். குடிசையை உடைக்கப் போகிறோம், மாட்டை இரவல் தா என்று கேட்க எந்த மூஞ்சியோடு போவது? ஆனாலும் போனேன். பூமணி கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"ஓம் மிஸ், தாறன். சேருக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்க. கண்டு சின்னன். அது கட்டின இடத்துலதான் நிக்கும். நான் அவிழ்க்க மாட்டன்."

கன்று கட்டியிருந்த இடத்தைப் பார்த்தேன். குடிசைக்குப் பின்னால், தோணி கட்டுகிற கட்டை. மாடு வளர்க்காத டவுன்காரி நான். எனக்கே விளங்கியது. பூமணி முகத்தைத் தூக்காமல் ஊசியைக் கோத்துக்கொண்டிருந்தாள். நான் போய்ச் சேரிடம் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னேன். அவர் "ம்" என்றார். அவ்வளவுதான்.

அன்று விடிய, சேர் வேட்டி கட்டி, சால்வையை ரோமர் மாதிரித் தலையில் போட்டுக்கொண்டு வந்தார். வெயிலுக்காக்கும் என்று சனம் நினைத்தது. பறவை பார்த்தார். கழுகு வர வேண்டும் என்று புத்தகம் சொன்னது. வந்தது நீர்க்காகம். "பறக்கிறதுதானே," என்று சேர் திருப்திப்பட்டார்.

மண் போடும் நேரம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கிருந்தெல்லாம் கொண்டுவந்திருந்தார்கள் தெரியுமா? பழைய வளவு மண், கோயில் வாசல் மண், ஒரு அம்மா முகாம் மண். "அங்கதானே என்ட பேத்தி பிறந்தவள்," என்றார் அந்த அம்மா. ரோமருடைய விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு நின்ற எனக்குக் கண் கலங்கியது. கடைசியாகப் பூமணி வந்தாள். கை நிறையக் கறுத்த சேறு, வாவிச் சேறு. முன்னால் நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள்.

"எனக்கு வேற மண் இல்ல சேர்."

சேர் அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "போடுங்க," என்றார்.

பிறகு சேர் பேச்சுப் பேசினார். நல்ல உரத்த குரல். "இந்தச் சால்தான் இனி உங்கட ஊரிட எல்லை. உழுதா உழுததுதான். ஆரும் மாத்த ஏலாது. ரோமாபுரிய அமைச்சவன் சாலைத் தாண்டின சொந்தத் தம்பியையே உயிரோட விடல்ல." சனம் பயபக்தியோடு கேட்டது. தம்பிராசாவின் தம்பி மட்டும் நாலு அடி பின்னால் போய் நின்றுகொண்டான்.

மேழியைச் சேரே பிடித்தார். தம்பிராசா மாடுகளை நடத்தினார். தெற்குப் பக்கம் ஒழுங்காகப் போனது. வாசலில் கலப்பையைத் தூக்கி, கடந்து, மறுபடி வைத்தார்கள். சனம் கைதட்டியது. சேரின் முதுகு பெருமையில் இன்னும் நிமிர்ந்தது. மூலையில் திரும்பிக் கிழக்குப் பக்கம் பிடித்தார்கள்.

அப்போது கன்று கத்தியது.

பசு நின்றது, காதைத் திருப்பியது, அடுத்த நொடி காளையையும் தள்ளிக்கொண்டு வாவிப் பக்கம் இழுத்தது. தம்பிராசா "ஹோ, ஹோ" என்று கத்தக் கத்த, "அறுவான்ட மாடு" என்று ஏச ஏச, அது கேட்டால்தானே. சேர் மேழியை விடவில்லை. சால்வை ஒரு பற்றையில் தங்கிவிட்டது, ஒரு செருப்பு சேற்றோடு போனது, பித்தளைக் கம்பி அவிழ்ந்து பாம்பு மாதிரிப் பின்னால் இழுபட்டது. வாழ்நாள் முழுக்க நேராக நடந்த மனிதர் பூமணியின் குடிசையை அரைவட்டமாகச் சுற்றி, கோழிக்கூட்டைத் தட்டிவிட்டு, தோணிக் கட்டையடியில் போய் நின்றார். கன்று பால் குடிக்கத் தொடங்கியது. சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நானும்தான்.

திரும்பிப் பார்த்தால் பின்னால் நல்ல ஆழமான சால். குடிசை உள்ளே.

பூமணி சிரிக்கவில்லை. "சேர், உழுதா உழுததுதான் எண்டீங்க," என்றாள்.

தம்பிராசாதான் சேருக்கு இரங்கி ஒரு வழி சொன்னார். "மாடு பிழையாப் போயிற்று சேர். இது கணக்கில்ல. சால மூடிப்போட்டுத் திரும்ப உழுவமா?"

சேர் முழங்கால் அளவு சேற்றில் நின்றார். தோணியைப் பார்த்தார். அதற்கு அப்பால் தண்ணீரைப் பார்த்தார். அவர் "ஓம், மூடுங்க" என்று சொல்லியிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சிரிப்போடு முடிந்திருக்கும். பூமணி கன்றின் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"கலப்பையத் தூக்குங்க," என்றார் சேர்.

"எங்க சேர்?"

"இஞ்சதான்."

தம்பிராசாவுக்கு விளங்கவில்லை. சேரே குனிந்து கலப்பையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, தோணித் துறையின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம்வரை நடந்தார். அங்கே இறக்கிவைத்தார். கன்றையும் கூட்டிக்கொண்டு வரச்சொல்லி, பசுவுக்கு முன்னால் நடத்தி, சாலைக் கொண்டுபோய்ப் பழைய கோட்டில் சேர்த்தார். உழுத இடம் மதில், தூக்கிய இடம் வாசல். ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. பூமணி அப்படியே கட்டையில் குந்திக்கொண்டு, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அன்று பின்னேரம் சேர் கால் கழுவும்போது சொன்னார்.

"மிஸ், படத்தில அஞ்சாவது வாசலையும் போடுங்க."

"ரோமருக்கு நாலுதானே சேர்?"

"அவங்கட பசுவுக்குக் கன்று இருந்திருக்காது."

கோடு ஏன் வளைந்தது என்று விசாரிக்க மேலிடத்திலிருந்து ஒருவர் வந்தார். சேர் அவரை இருத்தி, ரோமர் ஊர் அமைக்கும் முறையைப் பறவையிலிருந்து தொடங்கினார். மண் குழிக்கு வரும்போதே அந்த மனிதர் கையெழுத்துப் போடப் பேனையைத் தேடத் தொடங்கிவிட்டார். வாசல் வரைக்கும் போகத் தேவைப்படவில்லை.

சேர் இளைப்பாறிய அன்று, பிரியாவிடைச் சாப்பாட்டுக்குப் பிறகு, நான் கேட்டேவிட்டேன். பசுவைக் கேட்கும்போதே அது எங்கே இழுக்கும் என்று அவருக்குத் தெரியுமா? அவர் கையைத் துடைத்துக்கொண்டு வேறு கதை சொன்னார்.

"கல்குடாவில எங்கட அப்பாட தோணி நிண்ட இடத்தால ஒரு ரோட்டுப் போச்சு, மிஸ். நல்ல நேரான ரோட்டு."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. சேர் இப்போது இல்லை.

ஆகவே, பிள்ளைகளே, அது பிழை இல்லை. நேராக்கத்தான் போகிறீர்கள் என்றால் ரோமர் முறையிலேயே செய்யுங்கள். கலப்பை வைத்துத் தொடங்கிய ஊரை அழிப்பதற்கும் அவர்கள் கலப்பையால்தான் உழுதார்கள். புத்தகத்தில் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன். ஒரு வெள்ளைக் காளையும் ஒரு வெள்ளைப் பசுவும் வேண்டும். காளைக்கு என்ன செய்வீர்களோ தெரியாது. பசு இருக்கிறது. போன ஞாயிறு பூசை முடிந்து நான் ஆலங்கண்டத்துக்குப் போய் வந்தேன். பூமணிக்குத் தலை நரைத்துவிட்டது, ஆனால் தோணி அவள்தான் தள்ளுகிறாள். பழைய பசுவின் பேத்தி அவளிடம் நிற்கிறது, பால் வெள்ளை. கேட்டால் இரவல் தருவாள் என்றுதான் நினைக்கிறேன்.

அது கன்று போட்டு இரண்டு கிழமைதான். கன்றை அந்தக் கட்டையில்தான் கட்டியிருக்கிறாள்.